இடது ஓரம் மட்டும்

மதிப்பிற்குரிய தோழிக்கு,

வணக்கம். நான் நலம். தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு வரும் கடிதம் இது. உறைமேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்திருக்கும். சட்ட நூலகத்தில் தங்களுக்கு மேலதிகாரியாக இருந்தவள். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் என்னை ஸ்கேல் என்று சொல்வீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவர் காலமாகி ஒன்பது வருடமாகிறது. அதே மூன்றாம் மாடி வீடு. லிஃப்ட் வாரத்தில் நான்கு நாள் வேலை செய்கிறது. மற்ற மூன்று நாள் என் முழங்கால்கள் வேலை செய்கின்றன. ஓய்வூதியம் தவறாமல் வருகிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை. தாங்கள் தலைநகரில் சட்ட வரைவுப் பிரிவின் துணைச் செயலாளர் ஆகியிருப்பதைப் பேப்பரில் படித்தேன். மகிழ்ந்தேன். அதைச் சொல்ல அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

இப்போது எழுதுவது ஒரு பிழையைப் பற்றி.

எங்கள் தெருமுனையில், தன் அண்ணன் வீட்டின் பின்னறையில், ஒரு தையல்காரம்மா இருக்கிறாள். ஐம்பத்திரண்டு வயது. புருஷன் விட்டுவிட்டுப் போய் வெகுகாலமாகிறது. என் துணிகளுக்கெல்லாம் அவள்தான் ஓரம் அடிக்கிறாள். கோணலாக இருக்கிறது, பிரி என்று நான் இரண்டு முறை சொன்னால், மூன்றாம் முறை அளவு நாடாவை என் கையில் கொடுத்து, நீங்களே அளந்து நீங்களே தைங்கம்மா, நான் போய் டீ போட்டுட்டு வர்றேன் என்பாள்.

போன வருடம் அவளுக்கு வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. வேலை பாதிக்குப் பாதி குறைந்தது. அண்ணன் பேருந்து ஓட்டுநர், மாதச் சம்பளக்காரர். அண்ணி கெட்டவள் இல்லை. சாப்பிட வா என்று தினமும் கூப்பிடுகிறாள். இவள் போவதில்லை. பின்னறை ஜன்னலடியில் ஒரு ஸ்டூல், அதன்மேல் ஒற்றை அடுப்பு. ஐந்து வருடமாகத் தன் சமையல் தன் அடுப்பில். ஏன் இந்த வீம்பு என்று ஒருமுறை கேட்டேன். அண்ணன் போடுற சாப்பாடு தொண்டையில இறங்குதும்மா, அண்ணி தட்டைக் கழுவி வைக்கிற சத்தம்தான் இறங்க மாட்டேங்குது என்றாள்.

வறுமை நிவாரணச் சட்டத்தின்கீழ் உதவி கேட்டு மனுப் போட்டிருக்கிறாள். குடும்ப வருமானம் வரம்புக்கு மேல் என்று சிவப்பு முத்திரையோடு திரும்பி வந்தது. அண்ணன் சம்பளத்தை இவள் வருமானமாகப் பார்த்திருக்கிறார்கள். தாளை என் மேஜையில் வைத்து, நல்ல வார்த்தையா இருந்தா மட்டும் சத்தமா படிங்கம்மா என்றாள்.

நான் சிரித்தேன். அந்தச் சட்டத்தை முப்பத்தொரு வருடம் கையால் தொட்டவளிடம் கொண்டுவந்து காட்டுகிறாளே என்று. வந்த புதிதில் அது பதினோரு பக்கம். யாருமே இல்லாதவர்களுக்கு மட்டும்தான் உதவி. பிறகு திருத்தம் திருத்தமாக வளர்ந்தது. நோயில் படுத்தவர்கள் வந்தார்கள், ஆலை மூடி வேலை போனவர்கள் வந்தார்கள், குழந்தையோடு தனியே நிற்பவர்கள் வந்தார்கள். ஒரு வருடம், ஆளைப் பார்க்காதே, குடும்பத்தைப் பார் என்று மாற்றினார்கள். ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் எல்லாம் ஒரே குடும்பம் என்றார்கள். அதனால் உடன்பிறந்தவர் வீட்டு மூலையில் ஒதுங்கியிருந்த பெண்களெல்லாம் ஒரே நாளில் சட்டத்துக்கு வெளியே போனார்கள். அதைச் சரிசெய்ய இரண்டு வருடம் கழித்து இன்னொரு திருத்தம் வந்தது. நாலாம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவுக்குக் கீழே, ஆயினும் என்று தொடங்கும் நான்கு வரிகள். ஒரே வீட்டில் வசித்தாலும் தனி அடுப்பில் சமைத்து உண்பவர் தனிக் குடும்பமாகவே கொள்ளப்படுவார். தங்களுக்கும் நினைவிருக்கும். அச்சாகி வந்த அந்தத் திருத்தத்தைச் சீட்டாக வெட்டியது தாங்கள், நூலகப் பிரதியில் பழைய வரியின் மேல் ஒட்டியது நான். அடுப்பு வரி என்று நாம் அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

தையல்காரம்மாவை அழைத்துக்கொண்டு நிவாரண அலுவலகத்துக்கு நானே போனேன். குமாஸ்தா, உட்காருங்க பாட்டி என்றார். நான் உங்களுக்குப் பாட்டி இல்லை, ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் என்றேன். சரிங்க மேடம் பாட்டி என்றார். பிரிவையும் உட்பிரிவையும் சொன்னேன். கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். அடுப்பு வரி இல்லை. இந்தச் சட்டத்துல அடுப்பே கிடையாதுங்க என்றார். அப்ப அஞ்சு வருஷமா நான் எதுல சமைக்கிறேன்னு வந்து பார்த்துச் சொல்லுங்க சார் என்றாள் இவள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை.

தாங்கள் செய்ய வேண்டியது இதுதான். எல்லாத் திருத்தங்களையும் ஒன்றாகச் சேர்த்து, பழைய சட்டத்தை நீக்கி, புதிய சட்டம் அடுத்த மாதம் அவைக்கு வருகிறது என்றும் தங்கள் பிரிவுதான் அதை வரைகிறது என்றும் படித்தேன். கணினியிலிருந்து எடுத்து வரைந்திருந்தால் அடுப்பு வரி அதில் இருக்காது. இன்றைக்கு அந்த வரி மறைந்துதான் இருக்கிறது; பழைய சட்டம் நீங்கிவிட்டால் நிஜமாகவே போய்விடும். அதன் பிறகு தையல்காரம்மாவுக்குக் கேட்க இடமே இல்லை. கணினியில் ஏற்றியவர்களில் யாரோ பாதித் தூக்கத்தில் நான்கு வரிகளை விட்டிருக்கிறார்கள். நம் நூலகப் பிரதியோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிட வேலை. கவனமில்லாதவர்கள் கையில் சட்டத்தைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

தங்கள் நலம் நாடும்,
முன்னாள் கண்காணிப்பாளர், சட்ட நூலகம்.


அன்புள்ள தோழிக்கு,

தங்கள் பதில் கிடைத்தது. ஆறு வரிகள். கணினியில் உள்ள சட்டம் நம் நூலகப் பிரதியிலிருந்தே எடுக்கப்பட்டது என்றும், அந்தப் பக்கத்தின் படத்தோடு மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தும் அப்படியொரு வரி இல்லை என்றும், பின்னால் வந்த ஏதாவது திருத்தம் அதை நீக்கியிருக்கலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். கடைசி வரியில், அந்தப் பிரதியில் பிழை இருந்ததில்லை என்பது தங்கள் காலத்திலிருந்தே எல்லோரும் அறிந்தது என்று இருந்தது. அதை நான்கு முறை படித்தேன். மரியாதையா, குத்தலா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

மறுநாளே இரண்டு பஸ் மாறி நூலகத்துக்குப் போனேன். நம் அறையைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாம் பசை காய்ச்சிவைத்த மேஜையில் இப்போது டீ ஃபிளாஸ்க் இருக்கிறது. மயில்துத்தம் போட்டுக் கிளறிய அந்த மைதாப் பசையின் வாசனை இன்னும் மரத்தில் இருக்கிறது, அல்லது என் மூக்கில் இருக்கிறது. இப்போதைய நூலகர் ஆறடி உயரம். கையுறை போட்டுக்கொண்டு, புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.

நாலாம் பிரிவுப் பக்கம் பல்வலிக்காரர் கன்னம் போல வீங்கியிருந்தது. பதினான்கு சீட்டுகள். ஒவ்வொன்றும் இடது ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலம் பசை. கதவைத் திறப்பது போலத் திறந்தால் அடியில் பழைய வரி. அதையும் திறந்தால் அதற்கும் பழையது. புதியதைப் படிப்பவருக்குப் பழையதையும் படிக்க வழி இருக்க வேண்டும் என்பதுதான் நம் மேஜையின் முதல் விதி. எத்தனை பேரை அந்த விதிக்காக நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன்.

இரண்டாம் உட்பிரிவின் மேல் இருந்த சீட்டு திறக்கவில்லை. வருமான வரம்பை உயர்த்தி வந்த திருத்தம் அது. நான்கு பக்கமும் ஒட்டியிருந்தது. எந்த முட்டாள் செய்த வேலை என்று நூலகரிடம் கேட்டேன். கேட்ட பிறகுதான் மூலையில் பென்சிலால் போட்ட சுருக்கொப்பத்தைப் பார்த்தேன். என்னுடையது.

இதற்கு மேல் தாங்கள் என்று எழுத எனக்கு வரவில்லை. உன்னிடம் நேராகவே சொல்கிறேன்.

அமைச்சர் நூலகத்தைப் பார்வையிட வருவதற்கு முந்தின நாள் அது. அந்த முறை வந்த தாள் மெலிசு, ஓரம் சுருண்டு சுருண்டு எழுந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் புத்தகம் படிந்து கிடக்க வேண்டும் என்று நான்கு பக்கமும் பசை தடவினேன். சீட்டின் அடியில் அச்சகத்தார் கட்டைவிரல் நீளத்துக்கு வெறும் தாள் விட்டிருந்தார்கள். வெட்ட வேண்டும். பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கிறது என்று வெட்டாமல் விட்டேன். அந்த வெள்ளைத் தாள் அடுப்பு வரியின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது.

நீ பக்கத்தில்தான் நின்றாய். அக்கா, கீழே நீளமா இருக்கு, வெட்டிடட்டுமா என்று கேட்டாய். படிக்கட்டில்தான் அக்கா, அறைக்குள் மேடம் என்று முதலில் அதற்குத் திட்டினேன். பிறகு, என் மேஜையின் அளவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அந்தச் சீட்டின் கீழ் மூலையில் ஒரு கிழிசல் இருக்கிறது. மெல்லிய தாள் வைத்து நான்தான் சீர்செய்தேன், மிக நன்றாகவே செய்திருக்கிறேன். ஒரு மாதம் கழித்து நீ நகத்தால் அந்த மூலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்துக் கை பதறியது, தாள் கிழிந்தது. அடியில என்ன இருக்குன்னு என்று ஆரம்பித்தாய். மீதியை நான் கேட்கவில்லை. கவனக்குறைவால் அரசுப் புத்தகத்தைச் சேதப்படுத்தினார் என்று மெமோ எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாத ஒரு பக்கம். எட்டாம் நாள் உனக்கு மாற்றல் வந்தது, ஒரு இரவு முழுக்க ரயிலில் போகிற ஊருக்கு. உன் டீக் கோப்பையை விட்டுவிட்டுப் போனாய். அதில் பென்சில் போட்டு வைத்துக்கொண்டேன்.

நூலகரும் நானும் அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். வெள்ளைத் தாளுக்குள் நான்கு வரிகள் தெரிந்தன. யாருங்க இதை ஒட்டினது என்றார். நான் என்றேன். அவர் கையுறையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு படம் எடுத்தார். அதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற வருடம்தான் கணினியில் ஏற்றுகிறவர்கள் வந்தார்கள். மூன்று நூலகப் பிரதிகளைப் பார்த்துவிட்டு, இதுதான் சுத்தமான பிரதி, வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை என்றார்கள். அவர்களுக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அவரிடம் அதை இரண்டு முறை சொன்னேன். அவர் சவரம் செய்துகொண்டே, அப்படியானால் சம்பளத்தையும் உயர்த்தச் சொல்லேன் என்றார்.

தையல்காரம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் அறையில் போய் உட்கார்ந்து, யாரோ தூங்கிக்கொண்டு செய்தது இல்லை, விழித்துக்கொண்டு நான் செய்தது என்றேன். பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். அப்ப இத்தனை நாளா அடுப்பு பத்தவைக்கும்போதெல்லாம் நான் திட்டினது உங்களைத்தானா என்றாள். ஆமாம் என்றேன். என் வாய் பொல்லாத வாயும்மா, உங்களுக்கு இந்த முழங்கால் வலி எப்பலேருந்து என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு தைத்துக்கொண்டே, என்னை மாதிரி வேற எத்தனை பேரும்மா என்றாள். கணினியில் ஏற்றிய நாளிலிருந்து பதினான்கு வருடம் எல்லா அலுவலகத்திலும் அந்தத் திரைதான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

அடுப்பு வரி வந்த வருடத்து அரசிதழ் உன் கட்டடத்திலேயே இருக்கும். பார். பின்னால் வந்த எந்தத் திருத்தமும் அதை நீக்கவில்லை, அத்தனையையும் ஒட்டியவள் சொல்கிறேன். அவை கூட இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. என் பேச்சை நம்ப உனக்கு எந்தக் காரணமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் நம்பாதே, எடுத்துப் பார்.

இப்படிக்கு,
உன் பழைய மேடம்.


அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. இந்த முறை இரண்டு பக்கம், அதிலும் இரண்டாம் பக்கத்தில் அவசரக் கையெழுத்து. அரசிதழ் கிடைத்துவிட்டது, வரி உயிரோடுதான் இருக்கிறது, அவைமுன் வைக்கும் பிழைதிருத்தப் பட்டியலில் சேர்த்தாகிவிட்டது என்று படித்தபோது நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். வியாழக்கிழமை வாக்கெடுப்பு வரைக்கும் எதுவும் நிச்சயமில்லை என்று எழுதியிருக்கிறாய். சரி. ஒன்பதாம் பிரிவை ஒரு தடவை இரவோடு இரவாக மாற்றினார்களே, நானும் மறக்கவில்லை. ஆனாலும் தாளில் ஏறிவிட்டது. இனி யாராவது எடுக்க வேண்டுமென்றால் கைதூக்கித்தான் எடுக்க வேண்டும். பசையால் எடுக்க முடியாது.

ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ள முடியாது. காரணம் என்ற இடத்தில் அச்சுப் பிழை என்று போட்டுவிடுகிறேன், யாருக்கும் சங்கடமில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் அச்சகத்தார் சரியாகத்தான் அச்சடித்தார்கள். அவர்கள் மேல் போடாதே. எங்கள் பள்ளியில் கையெழுத்துப் பாடம் நடத்திய சிஸ்டர் அழிப்பானைக் கண்டால் பிடுங்கிவிடுவார். தப்பை ஒரு கோடு போட்டு அடி, பக்கத்தில் சரியானதை எழுது, இரண்டும் தெரியட்டும் என்பார். அறுபது வருடம் அதைப் பிறருக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பெயர், பதவி, ஒட்டிய தேதி, ஒட்டிய விதம் எல்லாம் எழுதிக் கையொப்பமிட்ட வாக்குமூலத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கோப்பில் சேர்.

இங்கே செய்தி. உன் பிரிவிலிருந்து போன தகவலால் தையல்காரம்மாவின் மனுவில் சிவப்பு முத்திரையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மறுபரிசீலனை என்று போட்டிருக்கிறார்கள். அடுப்பைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். இவள் முதல் நாளே அதைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தாள். இதில் யாரும் சமைக்கிற மாதிரியே தெரியலையே என்று அவர் சந்தேகப்பட்டுத் தொட்டுப் பார்த்தார். விரல் சுட்டது. எழுதிக்கங்க சார், சூடா இருக்குன்னு என்றாள். அந்த அடுப்பிலேயே டீ போட்டுக் கொடுத்தாள். அண்ணி கதவோரம் நின்று பார்த்துவிட்டு, சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டுப் போனாளாம். ஒப்புதல் புதிய சட்டத்தின்கீழ்தான் வரும். அதனால் அவளும் வியாழக்கிழமைக்குத்தான் காத்திருக்கிறாள். மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு உனக்கு ஒரு மேல்சட்டை தைக்கப் போகிறாளாம், அளவு அனுப்பச் சொன்னாள். கோணலாக இருந்தால் என்னிடம் சொல்லாதே.

அவள் கேட்ட கேள்விக்கும் பதில் தேட ஆரம்பித்திருக்கிறோம். அந்த மேடம் பாட்டிக் குமாஸ்தா, ஒரே கூரை என்று திருப்பி அனுப்பிய பழைய மனுக்களை மூட்டை மூட்டையாக இறக்கி வைத்திருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் நான் போகிறேன். அவர் முகவரி வாசிக்கிறார், நான் எழுதுகிறேன்: உங்கள் மனு தவறாக மறுக்கப்பட்டிருக்கலாம், உங்களுக்குத் தனி அடுப்பு உண்டா என்று தெரிவிக்கவும். சில கடிதங்கள் ஆள் இல்லை என்று திரும்பி வருகின்றன. அவற்றை நான் தனியாக வைத்திருக்கிறேன். முப்பத்தொரு வருடம் சீட்டு ஒட்டினேன். ஒவ்வொரு சீட்டுக்கும் முன்னால் எங்கோ ஒருவர் வரிசையில் நின்று, உங்களுக்கு இல்லை என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. ஓரம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

வாக்குமூலத்தோடு இன்னொரு சிறிய தாளும் உறையில் இருக்கிறது. அது உன் பணிப்பதிவேட்டுக்கு. அடுத்த வருடம் நீ ஓய்வு பெறுகிறாய். அப்போதும் என் மெமோ அதில் இருக்கும். அதைக் கிழிக்கச் சொல்லவில்லை. அந்த மெமோவில் சொன்னது தவறு, அவர் சரிபார்க்க முயன்றார், கவனக்குறைவு எழுதியவருடையது என்று இதில் எழுதியிருக்கிறேன். மெமோவின் மேல் இதை ஒட்டச் சொல். கீழே நீளமாக இருந்தால் நீயே வெட்டிக்கொள், என்னைக் கேட்க வேண்டாம். பசை இடது ஓரத்தில் மட்டும். தூக்கிப் பார்க்கிறவர்களுக்கு நான் முதலில் என்ன எழுதினேன் என்பதும் தெரிய வேண்டும்.

உன் கோப்பையிலிருந்து பென்சில்களை எடுத்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். லிஃப்ட் வேலை செய்கிற நாளாகப் பார்த்து வா. வேலை செய்யாவிட்டாலும் வா, நான் படிக்கட்டில் வந்து நிற்கிறேன். நீ நோயில்லாமல், நிறைவாக, நீண்ட நாள் இருக்க வேண்டும்.

படிக்கட்டிலும் அறைக்குள்ளும்,
உன் அக்கா.